சாமி அறைக்கு மேலே ஒரு முயல்

தங்கபுஷ்பம் பயந்த சுபாவம் கிடையாது. பதினெட்டு வருஷமாகக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறாள். குடித்துவிட்டு அருவிக்குப் போகிறவர்களையும், குளித்துவிட்டு வந்து குடிக்கிறவர்களையும் ஒற்றை ஆளாகச் சமாளித்தவள். அப்படிப்பட்டவளைப் பத்து நாள் சோறு இறங்கவிடாமல் அடித்தது ஒன்றரைக் கிலோகூடத் தேறாத ஒரு முயல் என்றால் யார் நம்புவார்கள்?

அவள் பிறந்தது கீழப்பாவூரில். நாற்று நடுகிற குடும்பம். கல்யாணமான நாலாம் வருஷம் கேரளாவுக்கு ரப்பர் வெட்டப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டான். அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டு அவள் லாட்ஜ் வேலைக்கு வந்தாள். வேலையில் கெட்டிக்காரி. சீசனில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருகிறவர்கள் தலையணை, சுவர், கதவுப்பிடி என்று ஓரிடம் விடாமல் எண்ணெய்க் கையை வைத்திருப்பார்கள். பினாயிலும் பிளீச்சிங் பவுடருமாக அவள் உள்ளே போய் அரை மணியில் வெளியே வந்தால், அந்த அறையில் ஆள் இருந்த வாடையே இருக்காது. "புஷ்பம் தொடைச்ச ரூமுல போலீஸ் நாயே தோத்துப் போவும்" என்பார் மேனேஜர். அவளுக்கு அதில் பெருமைதான்.

தனியாக இருக்கிற பொம்பளைக்கு வீடு கிடைப்பதுதான் பாடு. தென்காசியில் பதினோரு வீட்டுக்காரர்கள், "வீட்டுக்காரர் என்ன பண்ணுதாரு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பன்னிரண்டாவதாகச் சுந்தரபாண்டியன் மாடியறையைக் கொடுத்தார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே அவரும் மனைவி அகிலாண்டேஸ்வரியும் மட்டும். போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆடு, கோழி, நாய், பூனை எதுவும் கூடாது. மாடியறையின் கிழக்கு மூலைக்கு நேர் கீழே அவர்கள் சாமி அறை. சுடலைமாடனின் பெட்டி அங்கேதான் இருந்தது. கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடும்போது உடுத்துகிற சல்லடமும் குல்லாயும் அதற்குள். ஆடுகிறவரும் சுந்தரபாண்டியனேதான்.

தை மாதம் லாட்ஜில் தங்கிய ஒரு குடும்பம் முயல் ஒன்றைக் கூண்டோடு அறையில் விட்டுவிட்டுப் போனது. போன் போட்டால், "நீங்களே வச்சுக்கங்க" என்றார்கள். மேனேஜர் அதைச் சமையல்காரரிடம் கொடுக்கச் சொன்னார். சமையல்காரர் அதைப் பார்த்த பார்வை தங்கபுஷ்பத்துக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள்.

துரை என்று பேர் வைத்தாள். இருப்பும் அப்படித்தான். கிழக்கு மூலை ஜன்னலடிதான் வேண்டும் என்று தானாகவே பிடித்துக்கொண்டது. அங்கே ஒரு நீலப் பேசினில் செய்தித்தாளை விரித்து வைத்தாள். ஒரே வாரத்தில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் அதிலேயே ஏறி இருக்கப் பழகிவிட்டது. சத்தம் போடாத உயிர் என்பதால் ஐந்து மாதம் கீழே யாருக்கும் தெரியவில்லை. அவள் பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டால் ஓடி வந்து சேலை ஓரத்தைக் கடித்து இழுக்கும். புருஷன் போனபின் அவள் வருவதற்காக வீட்டில் காத்திருந்த முதல் உயிர் அதுதான்.

ஆனி மாதம் சாரல் தொடங்கிய வாரம், சுந்தரபாண்டியன் மாடிப்படியில் அவளை நிறுத்தினார்.

"ஏம்மா, மேல ஒழுகுதா? சாமி ரூம் மச்சுல ஈரம் பாஞ்சிருக்கு. கிழக்க ஓரமா."

"இல்லியே அண்ணாச்சி."

"அடுத்த ஞாயித்துக்கிழம கொத்தனாரக் கூட்டிட்டு மேல வாரேன். பாத்துருவோம்."

அவர் சாரலைத்தான் சந்தேகப்பட்டார். அவளோ மேலே ஓடிப் போய்க் கிழக்கு மூலையைக் குனிந்து பார்த்தாள். தரை பழைய சிமென்ட் தரை, மூலையில் மயிரிழைபோல ஒரு விரிசல். பேசின் எப்போதாவது ததும்பி அந்த விரிசல் வழியாகச் சுடலையின் பெட்டிமேல் சொட்டியிருந்தால்? வீடு போவது ஒருபுறம் இருக்கட்டும். சுடலை சும்மா விடுவாரா? அன்றைக்கே லாட்ஜ் படிக்கட்டில் கால் வழுக்கியது. மறுநாள் கடைவாய்ப் பல் வலித்தது. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே அர்த்தம்தான் இருந்தது.

பயந்தவள் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். பேசினை மூலையிலிருந்து தூக்கிக் குளியலறையில் வைத்தாள். இரண்டு நேரமும் பினாயில் ஊற்றித் தேய்த்தாள். செய்தித்தாளை மணிக்கொருதரம் மாற்றுவதற்காக லீவு போடலாமா என்றுகூட யோசித்தாள்.

துரை குளியலறைப் பக்கம் போய் மோந்து பார்த்துத் தும்மியது. நேரே கிழக்கு மூலைக்கு வந்து வெறும் தரையில் ஒன்றுக்கு இருந்தது.

அவள் மூலைக்கும் பினாயில் போட்டாள். துரை பாயில் இருந்தது. பாயைச் சுருட்டி வைத்தாள். மறுபடியும் மூலைக்கே வந்தது. கையை ஓங்கினால் கட்டிலடியில் போய் உட்கார்ந்து நடுங்கியது. லாட்ஜில் மெத்தை தட்டும்போதெல்லாம் தென்காசியில் யாரோ மாடிப்படி ஏறுகிற மாதிரியே இருந்தது. கீழே அகிலாண்டேஸ்வரி சாம்பிராணி போட்டால்கூட, அங்கே ஏதோ வாடை தெரிந்துவிட்டது என்று குனிந்து தரையை மோந்து பார்த்தாள்.

லாட்ஜுக்குக் காய்கறி கொண்டுவருகிற வண்டிக்காரர்தான், சுரண்டையில் முயல் பண்ணை வைத்திருக்கும் இசக்கிமணியைப் பற்றிச் சொன்னார். செவ்வாய்க்கிழமை வார லீவு. ஒரு கட்டைப்பையில் துரை, இன்னொன்றில் பேசின். பஸ் ஏறிப் போனாள்.

"என்னக்கா, கறிக்குக் குடுக்கவா?" என்று பையைத் திறந்தான் இசக்கிமணி.

"அய்யய்யோ! வளக்கேன் தம்பி." பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சங்கதியைச் சொன்னாள்.

அவன் பேசினை எடுத்து மோந்தான். முகத்தைச் சுளித்தான். "எத வச்சுக் கழுவுதிய?"

"பினாயிலு. ரெண்டு நேரமும்."

"சரியாப் போச்சு. அதுக்குத் தன் வாடைதான் அடையாளம். அத நீங்க உக்காந்து அழிச்சிட்டு, ஏன் இங்கன போவலன்னு கேட்டா அது என்ன செய்யும்? இந்தப் பினாயில் வாடை அதுக்கு ஆவவும் ஆவாது. வெறும் தண்ணில அலசுங்க. நனைஞ்ச பேப்பர்ல ஒரு துண்டும் நாலு புழுக்கையும் அடியில கெடக்கட்டும். பேசின் ஓரத்துல காஞ்ச புல்லக் கட்டி விடுங்க, தின்னுக்கிட்டே இருக்குற சாதி இது. பேசினுக்கு வெளிய போன எடத்த வினிகர் தொட்டுத் தொடைங்க. மொதல்ல பேசின் எங்கன இருந்துச்சோ அங்கனயே வையிங்க."

"அந்த எடம் மட்டும் ஆகாது தம்பி. கீழ சாமி இருக்கு."

"அக்கா, அது அந்த மூலைக்குத்தான் போவும். சாமி தலையில விழக் கூடாதுன்னா பேசின் அங்கனதான் இருக்கணும்."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து பேசினைக் கிழக்கு மூலையில் வைக்கும்போது கைகூப்பி, "ஏந்திப் பிடிச்சுக்கிடுதேன் சாமி, கோவப்படாதிய" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

நனைந்த தாளை அப்படியே விட்டுவைப்பது லேசான காரியமா? பதினெட்டு வருஷத்துக் கை அது. பினாயில் பாட்டிலைத் தேடிப் பரபரத்தது. புடவைத் தலைப்பில் கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை துரை புல்லைத் தின்றுவிட்டுத் தரையில் இருந்தது. வியாழன் பாதி உள்ளே, பாதி வெளியே. வெள்ளிக்கிழமை முழுக்கப் பேசினுக்குள்ளேயே இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசினையும் துரையையும் பையில் போட்டு லாட்ஜுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். ஆனால் அறையில் வாடை இருந்தது. இந்த முறை அவளே விட்டுவைத்த வாடை.

சனிக்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது கதவு தட்டப்பட்டது.

"கொத்தனாருக்கு நாளைக்கு வேற வேலையாம். இன்னைக்கே பாத்துருவோம்" என்றது சுந்தரபாண்டியனின் குரல்.

துரையைத் தூக்கிக் குளியலறையில் விட்டுத் தாழ்போட்டாள். பேசின்மேல் ஒரு சேலையைப் போட்டு மூடிவிட்டுக் கதவைத் திறந்தாள். கொத்தனார் பேச்சிராஜ் மூலைத் தரையைத் தட்டிப் பார்த்தார், விரிசலில் ஆணியைச் செருகிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, மேலாக்க விட்ட கீறல். ஈரம் சொவத்து வழியால்லா எறங்குது. டேங்க் பைப்பு பாத்ரூமுக்குள்ளகூடித்தான போவுது?"

அவள் வாயைத் திறக்குமுன் கொத்தனார் குளியலறைத் தாழை நீக்கிவிட்டார். மூன்று பேர் காலுக்கும் இடையில் புகுந்து துரை ஓடியது. மூலைக்குப் போய்ச் சேலையைப் பல்லால் இழுத்துத் தள்ளியது. பேசினுக்குள் ஏறி, முன்னாள் ஏட்டு பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாக ஒன்றுக்கு இருந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

பேச்சிராஜ் பைப்பைப் பார்க்கிற சாக்கில் குளியலறைக்குள் போய்விட்டார். "இங்கனதான், மூட்டுல கசியுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதைக் காதில் வாங்கிக்கொள்கிற நிலையில் அங்கே யாருமில்லை.

"எத்தன மாசமா?" என்றார் சுந்தரபாண்டியன்.

"தைல இருந்து அண்ணாச்சி."

"கீழ என்ன இருக்குன்னு தெரியும்லா?"

"தெரியும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தெரிஞ்சே செஞ்சிருக்க. இதுக்கு மேல பேச்சு இல்ல. ஒண்ணு அது போவணும். இல்ல, நீ போவணும்."

பத்து நாளாக அவள் எந்த வார்த்தைக்குப் பயந்து உருகினாளோ, அந்த வார்த்தை வந்துவிட்டது. காலில் விழலாம், அழலாம், துரையைச் சுரண்டைக்கே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லலாம். பதினோரு கதவும் கண்முன் வந்து நின்றன.

"மாசக் கடைசில காலி பண்ணிருதேன் அண்ணாச்சி" என்றாள்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "எங்க போவ?"

"தெரியல." பிறகு அவசரமாகச் சொன்னாள். "அதுவரைக்கும் அந்தப் பேசின மட்டும் நகட்டச் சொல்லாதிய அண்ணாச்சி. நேத்துதான் பழகியிருக்கு."

சொல்லிவிட்டு, துரை இழுத்துப் போட்ட சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.