மாமா கேட்ட ஒப்பாரி

என் அத்தை தன் முதல் சிடியில் ஒப்பாரி மட்டுமே பாடினாள். அதுவும் உயிரோடு இருந்த தன் புருஷனுக்கு.

எங்கள் தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் சாவு விழுந்தால் பாட அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். சுரங்கம் மூடியபோது, தினமும் கூண்டில் ஏறி அதற்குள் இறங்கிய மாமாவுக்கு மிஞ்சியது ஒரு ஹெல்மெட்டும் நெஞ்சு நிறையத் தூசியும். அவர் இருமத் தொடங்கினால் அத்தை பேச்சை நிறுத்துவாள். இருமல் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

ஒரு சாவுக்கு வந்திருந்த பெங்களூர் ஸ்டூடியோக்காரர் அவள் குரலைக் கேட்டுவிட்டு, ஆடி மாதத்துக்கு அம்மன் பாட்டு பாடச் சொன்னார். ஒப்பாரிதான் பாடுவேன் என்றாள் அத்தை. யாருக்கு என்று அவர் கேட்க, மாமாவைக் காட்டினாள். அந்தக் குரலுக்காக ஸ்டூடியோக்காரர் அதற்கும் ஒத்துக்கொண்டார்.

அப்பா கொதித்துப்போனார். "உசுரோட கீற மனுசனுக்கு ஒப்பாரியா? உனுக்கு இன்னாக்கா, புத்தி கெட்டுப்போச்சா?"

மாமாதான் பதில் சொன்னார். "செத்தப்புறம் பாடினா நான் எப்டி மச்சான் கேக்கறது?"

அத்தை, மாமா, நான் மூவரும் பெங்களூருக்கு ரயிலேறினோம். நான் பள்ளிக்கூடம் போவதே அபூர்வம் என்பதால் என்னை யாரும் தடுக்கவில்லை. ஸ்டூடியோவில் மாமா ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்துத் தாளம் போட்டார்.

"கூண்டுல எறங்கினியே ராசா, கூலியெல்லாம் குடிச்சியே" என்று அத்தை இழுத்தாள். மாமா சிரித்தார். சிரிப்பு இருமலானது. அத்தை ராகத்தை நீட்டிக்கொண்டே போய், இருமல் ஓய்ந்த இடத்தில் அடுத்த அடியை எடுத்தாள்.

"இருமலை மட்டும் வெட்டிடறேம்மா" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"வெட்டினா என்னையும் சேத்து வெட்டிடுங்க. பாதிப் பாட்டு அவருது."

அவர் வெட்டவில்லை. அபசகுனம் என்று ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடைக்காரரும் அந்த சிடியை வாங்கி வைக்கவில்லை. அத்தை பஜாரில் சாக்கு விரித்து, மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே விற்றாள். செத்தது யார் என்று கேட்டவர்களுக்கு மாமா கையைத் தூக்கிக் காட்டுவார். பிறகு லாரி கிளீனராக எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். அப்படியொரு வியாபாரத்தை எங்கும் பார்க்கவில்லை.

அந்த வருஷ மழைக்காலத்திலேயே மாமா இறந்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அத்தையின் வாயையே பார்த்தார்கள். அவள் கொண்டையைக்கூட அவிழ்க்கவில்லை.

"பாடியாச்சு. அவரும் கேட்டாச்சு."

ஊர் முணுமுணுத்தது. நான் போய் சிடியைப் போட்டேன். அத்தை பாடைக்கு மூங்கில் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டின் நடுவில் அந்த இருமல் வந்தது. அத்தை பேச்சை நிறுத்தினாள். அது ஓயும்வரை இருந்து, விட்ட இடத்திலிருந்து மூங்கிலைப் பற்றித் தொடர்ந்தாள்.

அதுவரை விறைப்பாக நின்ற அப்பா சுவரில் சாய்ந்து அழுதார். அவ்வளவு பாட்டுக்கும் அழாதவர், தினமும் வீட்டில் கேட்ட இருமலுக்குப் போய் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.