கேட்டில் நான் சொல்லாத பெயர்

இன்று பொள்ளாச்சியில் என் மகள் வேலை பார்க்கும் கான்வென்ட் பள்ளிக்குப் போனேன். அவள் கன்னியாஸ்திரி, கணக்கு டீச்சர். நாளைக் காலை அவள் அம்மாவுக்கு அவசர இருதய ஆபரேஷன்.

"ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?" என்றார் வாட்ச்மேன்.

"செல்வி. என்ற மக."

"அப்படி ஒரு சிஸ்டரும் இல்லீங்களே. மடத்துல வச்ச பேரச் சொல்லுங்க, கூப்புடறேன்."

அவள் மடத்தில் சேர்ந்த இந்தப் பன்னிரண்டு வருடமாக அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றேன்.

இடைவேளையில் அவளே பார்த்துவிட்டு ஓடி வந்தாள். நான் நின்ற கதையை வாட்ச்மேன் சொன்னார், ஆபரேஷன் விஷயத்தை நான் சொன்னேன்.

"எங்க மடத்துத் தலைவி மதர்கிட்ட அனுமதி வாங்காம வர முடியாதுங்கப்பா. இப்பத்தான் ஊட்டிக்குக் கெளம்புனாங்க. வந்ததுமே கூப்புட்டிருந்தா உங்ககூடவே வந்திருப்பேன்."

"பெத்தவளைப் பாக்க அனுமதியா?"

"நீங்க வச்ச பேருல நீங்க நிக்கறீங்க. குடுத்த வாக்குல நான் நிக்கறேனுங்கப்பா."

இப்போது மணி ஆறு. மதர் இன்னும் போனை எடுக்கவில்லையாம். ஆஸ்பத்திரியில் என் மனைவி கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். கேட்டில் நின்ற கதையை அவளிடம் சொல்லவில்லை.

என்மேல்தான் தப்பு என்று கீழே கமெண்ட் எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். அந்த மதருக்கும் நாலு வார்த்தை சேர்த்து எழுதுங்கள்.