வளைவில் கிடந்த கொள்ளு

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டியிருந்தால் அந்த வழக்கு அன்றே முடிந்திருக்கும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்னை நாலு பேர் நடுவே நகையாடிய உதவி ஆய்வாளரை, அதே போல் நாலு பேர் நடுவே தலைகுனிய வைக்க வேண்டும். எனக்கு வேறு வேட்கை இருக்கவில்லை.

எழுபதுகளின் இறுதி. நாமக்கல்லை அடுத்த உயர்நிலைப் பள்ளியொன்றில் நான் தமிழாசிரியன். தை பிறந்தால் சேலம் நெடுஞ்சாலையில் பாதி களமாகிவிடும். அறுத்த கொள்ளுச் செடியைத் தாரின்மீது பரப்புவார்கள். பேருந்துகளும் சரக்குந்துகளும் ஏறி மிதித்து மணியை உதிர்த்துத் தரும். ஈருருளியில் செல்பவன் பாடுதான் திண்டாட்டம். செடி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு ஆளைச் சாய்த்துவிடும்.

அன்று ஒரு வளைவில் சாலையின் இடப்பாதி முழுவதும் கொள்ளு குவிந்து கிடந்தது. எதிரே வண்டி வரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, நடுவிலிருந்த வெண்கோட்டைத் தாண்டி வலப்புறமாகச் சென்றேன். வளைவு முடியுமிடத்தில் உதவி ஆய்வாளர் கைகாட்டி நிறுத்தினார். கொள்ளுக் குவியலைச் சுட்டிக்காட்டினேன். அவர் அப்பக்கம் திரும்பவே இல்லை.

"புள்ளைங்களுக்குக் கோடு போட்டு எழுதச் சொல்லித் தாரீங்க. ரோட்டுல போட்ட கோடு மட்டும் வாத்தியாருக்குத் தெரியலீங்களா?"

பேருந்துக்கு நின்றவர்கள் சிரித்தனர். அவர்களுள் என் மாணாக்கர் சிலரும் இருந்தனர். அவர் வழக்கெழுதிக் கொண்டிருக்கையில், கொள்ளுக்கு உரிய பெரியவர் ஒரு சொம்புடன் வந்தார். "மாப்ளே, மோரக் குடிச்சுப்போட்டு எழுதுங்க" என்றார்.

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது.

வழக்குரைஞர் வைத்துக்கொள்ளாமல் நானே வாதாடினேன். சாலையில் தடையேதும் இருக்கவில்லை என்று உதவி ஆய்வாளர் கூண்டில் நின்று உறுதிபடக் கூறினார். எதிர்பார்த்ததுதான். என் தரப்புச் சாட்சியாக, மோர் கொண்டுவந்த அவருடைய மாமனாரையே அழைப்பித்திருந்தேன். மருமகன் சொல்லிக்கொடுத்தவாறே பெரியவரும், அன்று சாலையில் ஒன்றும் கிடக்கவில்லை என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. அப்படியானால் அந்த ஆண்டு அவர் காட்டில் கொள்ளு விளையாமற் போயிற்றா என்று மட்டும் பரிவோடு வினவினேன்.

பெரியவர் முகம் சிவந்தது. மருமகன் தொண்டையைச் செருமியது அவர் காதில் விழவில்லை.

"ஆருங்க சாமி அப்படிச் சொன்னது? வளைவு பூராவும் நம்ம கொள்ளுதானுங்க. பஸ்ஸே ஏற மாட்டாம தெணறிப் போச்சு."

மன்றம் சிரித்தது. நடுவர் வழக்கைத் தள்ளுபடி செய்து, உதவி ஆய்வாளரை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். வெளியே வந்ததும் நான் அவரை நெருங்கி, அவர் பேச்சிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"கோடு தெரிஞ்ச கண்ணுக்கு மாமனார் கொள்ளுத் தெரியலீங்களா?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அப்பால் நகர்ந்தார். எனக்கு அது போதவில்லை.

மறு தையில் அதே வளைவில் மீண்டும் கொள்ளு பரப்பியிருந்தார்கள். இம்முறை செடி மெலிதாகவே கிடந்தது. ஈருருளியும் ஏறிச் செல்லலாம். பெரியவர் என்னைக் கண்டு, பகையேதும் இல்லாதவராய், "ஏறியே போங்க சாமி" என்றார். நான் இறங்கி, சாலையோர முள்ளுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டே வளைவைக் கடந்தேன். பணி ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு தையிலும் அப்படித்தான் கடந்தேன். அந்தக் குடும்பத்துக்கு என் சக்கரம் ஒரு கொள்ளு மணியைக்கூட உதிர்த்துத் தரவில்லை.