செக்கிங் சங்கமித்ரா பரீட்சை எழுதிய கதை

பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், கீழே டைல்ஸ் கடையும் மேலே மூன்று மாடிக்குக் கம்ப்யூட்டர்களுமாக ஒரு கட்டடம் வரும். ஆன்லைன் தேர்வு மையம். வங்கி வேலை, ரயில்வே வேலை, மேற்படிப்பு என்று எதற்குத் தேர்வு நடந்தாலும் பெங்களூரில் பாதிப் பேர் அங்கே வந்துதான் வியர்ப்பார்கள். அவர்களில் பெண்கள் எல்லோரும் முதலில் ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் போய், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நிற்க வேண்டும். திரைக்குப் பின்னால் மெட்டல் டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் சங்கமித்ரா.

கோலார் தங்கவயல் பௌத்தக் குடும்பம். தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கினார். அப்பா வேலைக்குத் தினமும் பெங்களூருக்கு ரயில் ஏறினார். இவள் பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு இந்த மாடி ஏறினாள். எம்.எஸ்ஸி. சேரும் வரை சும்மா இருக்க வேண்டாமே என்று பிடித்த வேலை. சும்மா இருக்காமலே நாலு வருடம் ஓடிவிட்டது.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. சேர்ந்த முதல் மாதமே அவள் ஒன்றைக் கவனித்தாள். வருகிற பெண்ணிடம் “பயப்படாதே” என்று சொன்னால், அதுவரை பயப்பட நினைக்காதவளும் உடனே பயப்பட ஆரம்பிக்கிறாள். ஆகவே அந்தச் சொல்லைத் திரைக்குள் வர விடக் கூடாது என்று முடிவு கட்டினாள். அதற்குப் பதில் வேலை கொடுத்தாள். நடுங்குகிறவளிடம், கழற்றிய நகைகளை வைக்கிற தட்டைக் கொடுத்து ஏந்தச் சொல்வாள். அழுகிறவளை ஹேர்பின்களைப் பெரியது சின்னது பிரிக்கச் சொல்வாள். வாய் உலர்ந்து நிற்பவளை, பின்னலை அவிழ்த்து மறுபடி ஒழுங்காகப் பின்னச் சொல்வாள். அப்படிப் பின்னிய ஒருத்திக்கு மனசு எவ்வளவு அமைதியாகிவிட்டது என்றால், உள்ளே போய்த் தேர்வு முடியும் வரை நிம்மதியாகத் தூங்கினாள். மருந்து கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று சங்கமித்ரா அன்றிலிருந்து பின்னலைப் பாதியோடு நிறுத்திக்கொண்டாள்.

அவள் பார்க்காத பயம் இல்லை. ஒருத்திக்குத் தன் பெயரே மறந்துபோய், ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். அதிலிருந்த போட்டோவைப் பார்த்ததும், இது வேறு யாரோ என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இன்னொருத்தியின் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டு, வாசல் காவலாளி முனிராஜ் ஜெனரேட்டர் சத்தம் என்று நினைத்து அதை அணைத்துவிட்டு வந்தார். ஓசூரிலிருந்து வந்த ஒரு பெண் மேல் குண்டூசிகூடக் கிடையாது. ஆனால் இரண்டு முழ தூரத்திலேயே டிடெக்டர் கத்தியது. வெறும் நடுக்கம்தான் என்று எழுதி உள்ளே அனுப்பினார்கள். எல்லோரும் சங்கமித்ரா கையால் தேறிப் போனவர்கள்தான்.

தேறாதவள் அவள் ஒருத்திதான். எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வை அவள் இரண்டு முறை எழுதியாயிற்று. முதல் தடவை ஆனேக்கல் பக்கத்தில் ஒரு மையம். அங்கே செக்கிங்கில் இருந்த அம்மாள் அவள் முதுகைத் தட்டி, “பயப்படாதம்மா” என்றாள். முடிந்தது. இரண்டாம் தடவை அப்படி யாரும் சொல்லவில்லை; அவளே சொல்லிக்கொண்டாள். அன்று முதல் கேள்வியை ஒரு மணி நேரம் படித்தாள். நன்றாகத்தான் படித்தாள், இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பாள். பதில் போடத்தான் நேரம் இல்லாமல் போயிற்று.

அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் ஒரு விதி இருந்தது. பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் வந்தால்தான் சேர்ப்பார்கள். இது ஐந்தாவது வருடம். இந்தத் தடவை விட்டால் பிறகு கணிதம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

ஆகவே மனசை உறுதிப்படுத்தும் வேலையில் தீவிரமாக இறங்கினாள். யூடியூபில் ஒருவர் மூச்சை எண்ணி இழுத்து எண்ணி விடச் சொன்னார். எண்ணியெண்ணி அவளுக்கு மூச்சு வாங்கியது. இன்னொருவர், நீங்கள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார். அதை அவ்வளவு சுத்தமாகச் செய்ததில், ஜெயித்தவளுக்குப் படிப்பு எதற்கு என்று ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. அம்மா தங்கவயலிலிருந்து போன் செய்து, “வாழப்பழம் துன்னுட்டுப் போ, மீதிய அவங்க பாத்துக்குவாங்க” என்றாள். அவங்க என்றால் யார் என்று சங்கமித்ரா கேட்கவில்லை.

ஹால் டிக்கெட் வந்தது. எந்தக் கம்ப்யூட்டர் யோசித்ததோ, அவளுக்கு விழுந்த மையம் அவள் வேலை செய்கிற மையமே. மைய மேற்பார்வையாளர் பால்ராஜிடம் போய்ச் சொன்னாள். விதியைக் கேட்காமல் தும்மவும் மாட்டாத மனிதர். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து சொன்னார்.

“எழுதலாம்னுட்டாங்க. ஆனா அன்னிக்கி நீ லீவு. கேண்டிடேட்டா வரணும், கேண்டிடேட்டா போவணும். நடுவுல ஒண்ணையும் தொடக் கூடாது. புரிஞ்சிதா?”

“சேரையாவது தொடலாமா சார்?”

“உன் சேர மட்டும்.”

அந்த நாள் வந்தது. அரைக்கைச் சுடிதாரும் ரப்பர் செருப்புமாகக் கேட்டுக்கு வந்தவள், பழக்கத்தில் ஸ்டாஃப் கார்டை நீட்டினாள். தினமும் காலையில் அவளோடு டீ குடிக்கிற முனிராஜ் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். “இது நடக்காதும்மா. ஹால் டிக்கெட் இருந்தா காட்டு, இல்லாட்டி தள்ளி நில்லு,” என்றார் கன்னடத்தில். அவள் ஹால் டிக்கெட்டைக் காட்டினாள். “ஆதார்?” ஆதாரையும் காட்டினாள். “போலாம். இந்தப் போட்டோல நீ இல்ல, ஆனா போலாம்.”

மாடியில் பெண்கள் வரிசை படிக்கட்டு வரை நின்றது. சங்கமித்ரா வால் பக்கம் போய் நின்றாள். நேற்று வரை தெரிந்த சூத்திரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வெளியே போவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. திரும்பி வரச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் திரும்பவில்லை.

வரிசையும் நகரவில்லை. அவள் லீவு என்பதால் திரைக்குப் பின்னால் ஹெலன் ஒருத்திதான். சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்த பெண். தங்கமான மனசு. அதுதான் கோளாறு. உள்ளே போகிற ஒவ்வொருத்தியிடமும், “பயப்படாதீங்க, கடவுள் இருக்காரு,” என்று உருக்கமாகச் சொன்னாள். கடவுளைக் கூப்பிடும் அளவுக்கு நிலைமை மோசமா என்று ஒவ்வொருத்தியும் அழ ஆரம்பித்தாள். அழுகிறவளைப் பார்த்து ஹெலன் அழுதாள். ஹெலன் அழுவது திரைக்கு வெளியே கேட்டு வரிசையில் நின்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எட்டரைக்கு உள் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் செக்கிங் முடியாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். வால் பக்கம் நிற்கிறவளுக்கு இதைக் கணக்குப் போட எம்.எஸ்ஸி. தேவையில்லை.

சங்கமித்ரா வரிசையை விட்டு வெளியே வந்தாள். நேரே திரைக்குள் போனாள்.

“குடு இங்க.”

“அக்கா, நீ லீவுக்கா.”

“நீ இப்டியே செக் பண்ணிக்கினு இருந்தா ஊருக்கே லீவுதான். குடுன்றேன்ல.”

டிடெக்டர் கைக்கு வந்தது. எதிரே வீணா என்ற பெண் தேம்பிக்கொண்டு நின்றாள். சங்கமித்ரா அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. கழற்றிய கம்மலின் திருகாணியை அவள் கையில் வைத்து, இது தொலைந்தால் நான் பொறுப்பில்லை, கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று கன்னடத்தில் சொன்னாள். வீணா உலகத்தை மறந்து திருகாணியைப் பிடித்துக்கொண்டாள். தேம்பல் நின்றது. “கைய நீட்டு. திரும்பு. திருகாணியத் தட்டுல போடு. போ. நெக்ஸ்ட்.”

ஒருத்தி மெட்டியைக் கழற்றினாள். ஒருத்தியிடம் தாயத்து, ஒருத்தியிடம் தாயத்துக்குத் துணையாக இன்னொரு தாயத்து, ஒருத்தியிடம் எலுமிச்சம்பழம். தட்டு நிறைந்துவிட்டது. மீதியைத் தன் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே போனாள். “என்னாம்மா இது, பித்தள வேலா? சாமி வெளிய நிக்கட்டும். அவருக்கு ஹால் டிக்கெட் இல்ல.” வரிசையில் யாரோ சிரித்தார்கள். வரிசை நகர்ந்தது, நகர்ந்து, சுருங்கி, தீர்ந்தது.

“நெக்ஸ்ட்,” என்றாள் சங்கமித்ரா. யாரும் வரவில்லை. “நெக்ஸ்ட்!”

“அக்கா,” என்றாள் ஹெலன். “நெக்ஸ்ட் நீதான்.”

உள் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு பால்ராஜ் திரைக்கு வெளியே வந்து நின்றார். லீவில் இருப்பவள் கையில் டிடெக்டர் இருந்ததை, திரை விலகிய இடத்தில் பார்த்தார்.

“ஒண்ணையும் தொடாதன்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க சார்.”

“செக்கிங் பண்ணவ ஸ்டாஃப். ஸ்டாஃப் எக்ஸாம் எழுத முடியாது. ரூல் அவ்ளோதான். வூட்டுக்குப் போ.”

ஹெலன் அழத் தயாரானாள். சங்கமித்ரா டிடெக்டரை மேசைமேல் வைத்தாள். இரண்டு வருடமாக இந்த நாளை நினைத்தே நடுங்கியவள், நடுங்க வேண்டிய இந்த நேரத்தில் நடுங்க மறந்துவிட்டாள்.

“சரி சார். நான் ஸ்டாஃபுன்னா இன்னிக்கி எனக்கு அட்டெண்டன்ஸ் போடுங்க.”

“அது எப்டி? நீ லீவு.”

“லீவுன்னா கேண்டிடேட்டு. நான் எட்டரைக்கு முன்னாடியே வரிசைல வந்துட்டேன். முனிராஜ் அண்ணன்தான் ஹால் டிக்கெட்டப் பாத்தாரு. ரெண்டுல எதுனா ஒண்ணு சொல்லுங்க சார், எதுவா இருந்தாலும் கேட்டுக்கறேன்.”

பால்ராஜ் யோசித்தார். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே ஒன்பதுக்கு முன்னால் யாரும் எடுப்பதில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அந்த மனிதர் ஒரு விஷயத்தைத் தானாக முடிவு செய்ய வேண்டிய கட்டாயம். நெற்றி வியர்த்தது. போன் பிடித்த கை ஆடியது. அப்படி ஆடுகிற கை எதற்கு அடையாளம் என்று சங்கமித்ராவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

“சார், கொஞ்சம் இந்தத் தட்டப் புடிங்க.”

பிடித்தார். பாக்கெட்டிலிருந்ததை எல்லாம் அவள் அதில் கொட்டினாள். “கம்மலு எல்லாம் ஜோடி ஜோடியா வெக்கணும். மாறிப்போச்சின்னா சாயந்தரம் அந்தப் பொண்ணுங்க நம்ம தலைய உருட்டும்.” பால்ராஜ் தட்டை மேசைமேல் வைத்துக் கம்மல்களைப் பிரிக்க ஆரம்பித்தார். ஜிமிக்கிக்கு ஜிமிக்கி, வளையத்துக்கு வளையம். எலுமிச்சம்பழத்தை ஓரமாக உருட்டினார். நாலைந்து ஜோடி சேர்ந்ததும் மூச்சு சீரானது. தலை நிமிராமலே சொன்னார்.

“ஹெலன், இந்தக் கேண்டிடேட்ட செக் பண்ணு. மெமோ அப்பறம் தர்றேன்.”

சங்கமித்ரா கைகளை நீட்டினாள். ஹெலன் டிடெக்டரை எடுத்தாள், வாயைத் திறந்தாள்.

“அத மட்டும் சொல்லாத,” என்றாள் சங்கமித்ரா.

பால்ராஜ் திறந்துவிட்ட உள் கதவு வழியே போய் உட்கார்ந்தபோது கம்ப்யூட்டர் திரையில் தேர்வு தொடங்கியிருந்தது. முதல் கேள்வியை ஒரே ஒரு தடவை படித்தாள். பதிலைத் தட்டினாள். அடுத்தது. தெரியாத கேள்வி வந்தால் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டாள். ஓரத்தில் நின்றவற்றில் சில பிறகு தாமாகவே ஒழுங்காகிக் கையை நீட்டின. சில நீட்டவில்லை. அவற்றோடு அவள் சண்டை போடவில்லை.

ரிசல்ட் வந்தது. முதலிடம், தங்கப்பதக்கம் என்று பொய் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பொம்மனஹள்ளியில் விசாரித்துவிடுவார்கள். பட்டியலில் அவள் பெயர் முக்கால்வாசிக்கும் கீழே இருந்தது. அந்தக் கல்லூரி எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மேலேயும் இருந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

பால்ராஜ் சொன்ன சொல் தவறாதவர். விடுப்பில் இருந்த நாளில் அலுவலகக் கருவியைக் கையாண்டது ஏன் என்று மெமோ கொடுத்தார். அவள் வேலையை விட்டுப் போகிற அன்று விளக்கம் எழுதிக் கொடுத்தாள்: “வரிசை நகரவில்லை. எனக்கு உள்ளே போக வேண்டியிருந்தது.” பால்ராஜ் அதை இரண்டு தடவை படித்தார். தேதி போட மறந்துவிட்டாள் என்று திருப்பிக் கொடுத்து, தேதி வாங்கி, பைலில் வைத்தார்.