ஒற்றை வெள்ளைக் கோடு

1. இன்று காலை றக்வான ஊருக்கு மேலே வீதி அளந்துகொண்டிருந்தோம்.
2. தேயிலை மலைக்கு மேல் ஒரு பருந்து வட்டமடித்தது.
3. அதன் சிறகைப் பார்க்கும் முன்பே, என்னோடு வேலை செய்த இருவரையும் வேனுக்குள் ஏறச் சொன்னேன்.

ஒன்பது வயதில், பள்ளிக்கூட லீவு நாளொன்றில், அம்மாவுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு மலைக்குப் போயிருந்தேன். கொழுந்து பறிப்பவர்கள் குனிந்தே நிற்பதால், சும்மா நிற்பவர்தான் வானத்தைப் பார்க்க வேண்டும். சிறகின் அடியில் அகலமான ஒற்றை வெள்ளைக் கோடு இருந்தால் அது பாம்புப் பருந்து, பயமில்லை. பல கோடுகள் இருந்தால் தேன் பருந்து. அது குளவிக் கூட்டைப் பிய்க்கும். கலைந்த குளவிகள் ஆட்களைக் கொட்டும்.

அன்று தலைக்கு மேல் ஒரு பருந்து வந்தது. "பாப்பா, ரெக்கையில என்னா இருக்கு?" என்று அம்மா கேட்டார்.

வெயிலில் கண் கூசியது. "ஒரே கோடும்மா."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"தொரசாணி சொல்லிட்டாங்க, பறிங்கடி!" என்று பக்கத்து நிரை அக்கா சிரித்தார்.

சற்று நேரத்தில் மேலே பாறைப் பக்கமிருந்து குளவி இரைச்சல் கிளம்பியது. அம்மா கூடையை எறிந்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து என்மேல் போர்த்தி, அதன்மேல் தானே கவிழ்ந்து படுத்தார். "அசையாத புள்ள" என்றார். ஒவ்வொரு கொட்டுக்கும் அவர் உடம்பு உதறியது என் முதுகில் தெரிந்தது.

அம்மா பிழைத்தார். மலைக்கு மட்டும் திரும்பவில்லை.

இன்று வேன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒற்றை வெள்ளைக் கோடுதான். மூன்று முறை பார்த்தேன். வேலை பாதியில் நிற்கிறது. கதவை இன்னும் திறக்கவில்லை.