ரம்புத்தான் மரத்தை மிரட்டிய நாள்

லாபிஸில் எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி வீடு மாமாவுடையது. ஓரத்து வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் கிடந்தது. அத்தை அதில் கொய்யா, சிக்கு, எலுமிச்சை என்று நட்டு எல்லாவற்றையும் காய்க்க வைத்திருந்தார். சாலையோர நர்சரி ஒன்றில் மதியம் வரை அவருக்கு வேலை. பைகளில் மண் நிரப்புவார், கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுவார். பள்ளி விட்டு, அம்மா தொழிற்சாலையிலிருந்து திரும்பும்வரை நான் அத்தையோடுதான் இருப்பேன். அந்த வீட்டில் வேறு பிள்ளைகள் இல்லை. பலகாரத்தில் பங்கு கேட்க ஆளில்லாதது எனக்கு வசதியாகவே இருந்தது.

அங்கே காய்க்காமல் நின்றது ஒரு ரம்புத்தான் மரம்தான். மாமா விதை போட்டு முளைக்க வைத்தது. பூ மட்டும் வருசா வருசம் கொட்டும்.

எனக்கு ஏழு வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிகாமட்டிலிருந்து பெரியம்மா வந்தார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர்; அவர் குரல் கேட்டால் எங்கள் வீட்டு நாய்கூட எழுந்து நிற்கும். சாப்பிட்டுக் கை கழுவியதுமே மாமாவிடம் ஆரம்பித்தார்.

"காய்க்காத மரத்துக்கு இன்னும் எத்தன வருசம்டா தண்ணி ஊத்துவ? வெட்டிட்டு வேற நட வேண்டியதுதானே?"

சொன்னது மாமாவிடம். பார்த்ததோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தையின் முதுகை. அத்தையின் கை அப்படியே நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் போனில் பேசும்போது பெரியம்மா அத்தையை 'காய்க்காத மரம்' என்றே சொல்வார். என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

மாமா எழுந்து பின்பக்கம் போனார். சற்று நேரத்தில் பாராங் கத்தியைக் கல்லில் தீட்டும் சத்தம் வந்தது. நான் அடுப்படிக்கு ஓடி அத்தையின் கைலியைப் பிடித்து இழுத்தேன்.

"அத்த, எங்க வீட்டுக்குப் போலாம்."

"ஏன் பாப்பா?"

கத்தி தீட்டும் சத்தம் வந்த பக்கம் கை காட்டினேன். அதற்குள் தோட்டத்திலிருந்து பெரியம்மா அத்தையைக் கூப்பிட்டார்.

"நீயும் வாம்மா. மரத்தக் கட்டிப் புடிச்சிக்க. அவன் வெட்ட வருவான். 'வெட்டாதீங்க, அடுத்த வருசம் காய்க்கிறேன்'னு மரத்துக்குப் பதிலா நீ சொல்லணும். பயந்தா மரம் காய்க்கும்."

காய்க்காத மரத்தை இப்படி மிரட்டுவது பழைய வழக்கம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அத்தை மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றதும், மாமா கத்தியோடு நடந்து வந்ததும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தன. மாமா முகம் வெளுத்திருந்தது. முதல் வெட்டு அத்தையின் தோளுக்கு மேலே பட்டையில் விழுந்தது. மரம் அதிர்ந்து, முசுறு எறும்புகள் அத்தையின் தலையில் உதிர்ந்தன. அத்தை அவற்றைத் தட்டிவிடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவும் இல்லை.

"சொல்லும்மா!" என்று அதட்டினார் பெரியம்மா.

கத்தி மறுபடியும் மேலே போனது. நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு அலறினேன்.

"வெட்டாதீங்க மாமா! அத்த அடுத்த வருசம் காய்ப்பாங்க!"

மாமா கையிலிருந்து கத்தி நழுவிப் புல்லில் விழுந்தது. என் பாவாடை நனைந்திருந்தது. அத்தை என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகு மாமாவைப் பார்த்தபடியே பெரியம்மாவிடம் பேசினார்.

"அண்ணி, இது ஆம்பள மரம். வெதையில வந்தா சிலது இப்படித்தான். பூக்கும், காய்க்காது. எங்கள மிரட்டி என்ன ஆவப் போவுது?"

"அலமாக்! மரத்துல ஏதுடி ஆம்பள பொம்பள?"

"போதும்க்கா" என்றார் மாமா. "அவ சொல்றது சரிதான்."

சாயங்காலம்வரை தங்குவதாக இருந்த பெரியம்மா அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். பிற்பாடு அத்தை அந்த மரத்தில் நல்ல சாதி ஒட்டுக் கட்டினார். நான் இடைநிலைப்பள்ளிக்குப் போன காலத்தில் பழம் வந்தது. ஆனால் எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது பெரியம்மா வந்துபோன மறுவாரம்.

அதுவரை பெரிய மருத்துவமனைக்கு அத்தை தனியாகத்தான் போய்வருவார். அன்று மாமாவும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"யாருக்கு அத்த உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல பாப்பா. மாமாவையும் ஒருக்கா பாக்கணும்னு டாக்டர் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டுதான் இருக்காரு."

மாமா தலையைக் குனிந்து செருப்பு வாரை மாட்டினார். நான் அவருடைய கைகளையும் கால்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கட்டு எதுவும் இல்லை. கத்தி நழுவியபோது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் பட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அவர்கள் திரும்பி வரும்வரை வாசலிலேயே பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.