மழைக்குக் கத்தும் பலகை

எனக்கு எட்டு வயது நடக்கும்போது எங்கள் வீட்டில் மின்விசிறி கிடையாது. ஆனால் மழை வந்தால் கத்துகிற இயந்திரம் ஒன்று இருந்தது. செய்தவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் கம்பெனியில் ஈயப்பற்று வைக்கிற வேலை பார்த்தவள். கம்பெனியை மூடியதும் ஒரு சால்டரிங் அயர்னோடு கல்வராயன் மலையடிவாரத்து எங்கள் ஊருக்கே திரும்பிவிட்டாள்.

அம்மா நான் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டாள். அப்பா பெயின்ட் அடிக்கிறவர். மாதக்கணக்கில் பெங்களூருவில் கிடப்பார். அத்தை வீட்டில் இருந்ததால்தான் எனக்குச் சோறு, எண்ணெய் வைத்த தலை, பள்ளிக்கூடம் எல்லாம். அதையெல்லாம் நான் யோசித்ததில்லை. எனக்கு அந்த இயந்திரம்தான் பெரிது.

எங்கள் பக்கம் மக்காச்சோளத்தைத் தார் ரோட்டில்தான் காயவைப்பார்கள். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், வியாபாரி தொடமாட்டார். அதற்காகத்தான் அத்தை உள்ளங்கையளவு பலகை ஒன்றைச் செய்தாள். செம்புத் தகடு ஒட்டிய அட்டையில் மார்க்கர் பேனாவால் கோடு வரைந்து, பழுப்பான மருந்துத் தண்ணீரில் போட்டு ஆட்டுவாள். கோடு போட்ட இடத்தில் மட்டும் செம்பு நிற்கும், மற்றதெல்லாம் கரைந்துவிடும். ஒரு ஓரத்தில் இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்த மாதிரி கோடுகள் இருக்கும். அந்தப் பற்களுக்கு நடுவில் ஒரு துளி விழுந்தால் போதும், பேட்டரி மின்சாரம் பாய்ந்து, பலகையில் பொருத்திய பஸர் கத்தும்.

மலைப்பனிதான் அதற்கு எமன். செம்பில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். ஒரு நாள் வெயிலில் கத்தும், மறுநாள் கொட்டுகிற மழையில் ஊமையாக இருக்கும். அத்தை மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிப் பார்த்தாள். மத்தியான வெயிலில் அது வழிந்துவிட்டது. நெயில் பாலிஷ் தடவினாள்; நன்றாக நின்றது, ஆனால் ஒரே பலகைக்குப் பாட்டில் காலி, என் நகங்களுக்கு மிச்சமில்லை. கடைசியில், ஊருக்கு வந்திருந்த அப்பாதான் கதவுக்கு அடிக்கிற வார்னிஷை எடுத்துக் கொடுத்தார். சீப்புப் பற்களுக்கு மட்டும் ஈயம் பூசிவிட்டு, மற்ற இடமெல்லாம் வார்னிஷ் அடித்த பலகையைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டோம். எடுத்துத் துடைத்தால் புதுசாக மின்னியது. நான் குதித்த குதியில் தொட்டித் தண்ணீர் பாதி என் மேல்தான்.

சேலத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர் கடை வைத்திருக்கும் ஒருவர், சோள வியாபாரியோடு லாரியில் வந்தபோது இதைக் கேள்விப்பட்டார். “தண்ணி தெளிச்சா கத்துறது பெரிசில்லம்மா. அடுத்த லோடுக்கு வர்றேன், நெஜ மழையில கத்தட்டும். சேலத்துல என் கடையிலயே வேலைக்கு மேசை போட்டுத் தரேன், தங்க இடமும் தரேன்” என்றார்.

அத்தையின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கூலிக்குக் களையெடுத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்பா “சேலமா?” என்று மட்டும் கேட்டார்.

அவர்கள் திரும்பி வருகிற நாளுக்கென்று அத்தை புதிதாக ஒரு பலகை செய்தாள். வார்னிஷ் அடிக்கிற வேலை அப்பாவுக்கு.

“சீப்பு மேல மட்டும் ஒரு பொட்டு படக்கூடாதுண்ணா. மழ வர்றது அதுக்கு அங்கதான் தெரியும்.”

“எனக்கே பிரஷ் புடிக்க சொல்லித் தர்றியா?” என்றார் அப்பா.

அவர் வேலையை முடித்தபோது அத்தை கூலி வேலையில் இருந்தாள். அவள் ஓடி வருவதற்குள் ரோட்டில் லாரி நின்றது, மலையின் தலையில் மேகம் இறங்கியிருந்தது. சோதித்துப் பார்க்க நேரமில்லை. ரோட்டோர வேப்பமரத்தில் பலகையைக் கட்டினோம். நான் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு தயாரானேன்.

முதல் துளி என் மூக்கில் விழுந்தது. அடுத்தது பலகையில். சத்தமில்லை. தூறல் பிடித்தது. சத்தமில்லை.

“இன்னாம்மா, உன் மிஷினு தூங்கினு கீதா?” என்று கத்திக்கொண்டே, ரோட்டில் சோளம் காயப்போட்டிருந்த நிலக்காரர் அதைக் குவிக்க ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். கடைக்காரர் லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அத்தை பலகையைப் பிடுங்கிச் சாய்த்துப் பார்த்தாள். சீப்பு முழுக்க வார்னிஷ் பளபளத்தது.

“ண்ணா! இது மேலயும் அடிச்சியா?”

“தெரியாம பட்டுடுச்சி போல.” அப்பா மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பட்டுடுச்சா? நல்லா மொழுகி வெச்சிக்கீற! பிளேடு குடு.”

பெயின்ட் சுரண்டுகிற பிளேடு எப்போதும் இருக்கும் சட்டைப் பையில் அப்பா கைவிட்டார். விட்ட கை உடனே வெளியே வரவில்லை. அத்தை நீட்டிய கையை மடக்கவில்லை. பிறகு எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கிடந்த சாக்கு ஒன்றை விரித்து அவள் தலைக்கு மேல் அவரே பிடித்துக்கொண்டு நின்றார். அவள் குனிந்து, பல் பல்லாகச் சுரண்டினாள். ஈயம் வெளுப்பாகத் தெரிந்ததும் முந்தானையில் துடைத்து மழையில் நீட்டினாள்.

கத்தியது பாருங்கள்! நாய்கள் ஓட்டம் பிடித்தன. நிலக்காரர் சோளத்தைக் கூட்டிக்கொண்டிருந்த பலகைவாரியைக் கீழே போட்டார். நான் நனைந்தபடி வட்டமடித்து ஆடினேன். லாரிக் கதவு திறந்தது.

“போதும்மா, நிறுத்து, காது போவுது!”

“மழ நின்னாதாங்க நிக்கும்!” என்றாள் அத்தை. சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

அடுத்த வாரம் அவள் சேலம் பஸ் ஏறினாள். என்னை அப்பா பெங்களூரு கூட்டிப்போனார். கட்டி முடியாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே படுக்கை. கீழே ரோட்டில் சீருடை போட்ட பிள்ளைகள் போவார்கள். நமக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று அவர்களைப் பார்த்துக் கையாட்டுவேன். பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ கட்டடம். எதிலும் எனக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை.

அந்தப் பெங்களூரு மூன்றாவது மாடியில் ஒரு நாள் அப்பா ஜன்னல் சட்டத்துக்குப் பெயின்ட் அடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விரல் அகல மரம், ஒட்டினாற்போல் கண்ணாடி. கண்ணாடியில் ஒரு பொட்டுகூடப் படவில்லை.

“அன்னிக்கு மட்டும் எப்டிப்பா உனுக்கு கை தவறிச்சி?” என்று சிரித்தேன்.

அப்பாவின் பிரஷ் நின்றது. “போ, போய் தண்ணி கொண்டா” என்றார்.

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு, பாடிக்கொண்டே மூன்று மாடியும் இறங்கினேன்.